லாயத்து உத்தரத்தில் ஒரு கொட்டாங்கச்சி

லாயத்தின் உத்தரத்தில் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்து கிடந்தது. உட்புறம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அதை யாரும் தொடுவதில்லை. இறந்தவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். அது எதற்கு என்று எவருக்கும் சரியாகத் தெரியாததும் ஒரு காரணம்.

இறந்தவர் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக் குதிரைவண்டி ஓட்டியவர். காய்ச்சலில் அவர் போன பிறகும் அவர் மனைவி வண்டியை விற்கவில்லை. தெருவில் பெரும்பாலோருக்கு அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவருக்கு வண்டி ஓட்ட ஆள் வேண்டியிருந்தது, எனக்குச் சோறு வேண்டியிருந்தது. பள்ளியைப் பாதியில் விட்டு, ரயில் பாதையில் கல் சுமந்து, கிள்ளான் துறையில் மூட்டை தூக்கி அலைந்தவன் நான். குதிரையைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். ராஜா காயடித்த குதிரை, சாது, அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அது ஒரு மாதிரி நிற்கத் தொடங்கியது. பின்கால்களை அகட்டி, முதுகை வளைத்து முனகும். சிறுநீர் வராது. வந்தாலும் நூல் போல மெலிந்து கோணலாகத் தெறிக்கும். பிறகு அதுவும் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. ராஜா போய்விட்டால் அக்காவுக்கு மறுபடியும் மேரு ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம்தான் கதி. கங்காணியின் வசவிலிருந்து தப்பித்து வந்தவர் அவர். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து லாயத்துக்குப் போய்விடுவார்.

பக்கத்தில் செங்கல் ஏற்றும் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இருந்தார். "சூடு, தங்கச்சி. வெறும் சூடு. மாட்டுக்கு வராததா? எளநி குடு, வெந்தயம் ஊற வெச்சுக் குடு. தானாப் போயிடும் லா" என்றார். நாங்களும் கொடுத்தோம். சீரகத் தண்ணீரும் கொடுத்தோம். வெளியே போக வழியில்லாத வயிற்றுக்குள் மேலும் மேலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ராஜா வியர்த்தது. தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஒரு மத்தியானம் அக்கா அதன் வயிற்றருகே குனிந்தவர், மூக்கைச் சுளித்து அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இந்த நாத்தம் எனக்குத் தெரியும்."

பிறகு சொன்னார். தீபாவளிக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் அவர் கணவர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். மிச்ச எண்ணெயைக் கொட்டாங்கச்சியில் எடுத்துக்கொண்டு, ராஜாவுக்கும் குளியல் என்று லாயத்துக்குப் போவார். அக்காவை வீட்டுக்குள்ளே போகச் சொல்லிவிடுவார்.

"பெடரியில தேய்க்கிறாருன்னுதான் நெனச்சேன். ஆனா அந்தத் துணியத் தொவைக்க முடியாது, அப்படி நாறும். பெடரியில தேய்ச்சா அந்த நாத்தம் வருமா?"

துக்க வருஷம் என்று அந்த ஆண்டு வீட்டில் பண்டிகை இல்லை, எண்ணெய்க் குளியலும் இல்லை. ராஜாவுக்கும் இல்லாமல் போயிற்று.

அக்கா கணவரின் பழைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வெந்நீரும் தேங்காயெண்ணெயும் வைத்து, உத்தரத்திலிருந்து கொட்டாங்கச்சியை இறக்கினார். நான் செய்கிறேன் என்றேன். "நீ தலையப் புடி. ஒன்ன அது ஒதைக்கும்" என்றார். வேலிக்கு அப்பால் மாட்டுவண்டிக்காரர் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, குதிரைக்குத் தீபாவளியா?"

"ஆமாண்ணே. எண்ணெ மிச்சமிருக்கு, அடுத்து நீங்க வாங்க."

அவர் மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அக்காவின் கை ராஜாவின் குறியை மூடிய தோல் உறைக்குள் போயிற்று. அதன் காது பின்னால் மடிந்தது. நான் தலைக்கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். முதலில் கறுப்புச் செதில்கள் வந்தன. வெகுநேரம் கழித்து, நீர்த்துளைக்குப் பக்கத்திலிருந்து மொச்சைக்கொட்டை அளவில் சாம்பல் நிற உருண்டை ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. காயடித்த குதிரைகளில் சில, நீர் விடும்போது குறியை வெளியே நீட்டுவதில்லை. அழுக்கு உறைக்குள்ளேயே தங்கி அப்படி இறுகிவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ராஜா உடனே நீர் விடவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருந்தோம். பிறகு சத்தம் கேட்டது. மண் குழிந்து நுரைத்தது. அக்கா காலை நகர்த்தவில்லை, நனைந்தபடியே நின்றார்.

அதற்கப்புறமும் பயம் அவரை விடவில்லை. வாராவாரம் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவியதில் உறை வீங்கிப்போயிற்று. அரசாங்க மிருக டாக்டர் வந்து, சோப்பே வேண்டாம், சும்மா சும்மா தொடவும் வேண்டாம் என்று சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார். வீக்கம் வடிந்தது. நான் வழக்கம்போல வேறு ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

இப்போது அந்தத் தெருவில் மோட்டார்தான் ஓடுகிறது. போன மாதம் கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் ஒரு குதிரைவண்டியைப் பார்த்தேன். குதிரை பின்கால்களை அகட்டி நின்றது. வண்டிக்காரர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஏற வேண்டிய பஸ் உறுமிக்கொண்டிருந்தது. காத்திருந்து பார்த்தேன், சத்தம் வரவில்லை.

"அண்ணே, வீட்டுல கொட்டாங்கச்சி இருக்கா?"

"எதுக்கு?" என்றார்.

பஸ் போய்விட்டது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.