வீடு திரும்புகிற வேஷம்

என் வீட்டுக்காரர் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. முதலில் பொங்கலுக்குப் பொங்கல் வந்தார். பிறகு அதுவும் நின்றது. அங்கே ஒருத்தியோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவும் இல்லை, யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் மிளகு வாங்க வந்த வியாபாரி, "உங்கூட்டுக்காரரு பொங்கலுக்குள்ள வந்தர்றாராமுங்க. சேத்துக்குவீங்களான்னு கேக்கச் சொன்னாரு" என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். பால் ஒன்றும் இல்லை.

அப்போது வாழவந்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் ஏற்காட்டுக்கு வந்து ஒரு பங்களாவில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா ஜப்பான்காரர். அவருடைய கணவர் சேலத்தில் ஏதோ ஆலைக்கு மெஷின் பூட்ட வந்தவர். கீழே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியை மேலே குடிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போவார். அந்தம்மாவுக்கு என்னைவிடச் சின்ன வயது. பேச வேறு ஆள் இல்லாததால் என்னிடம்தான் தமிழ் பழகினார். எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவார். "நாயி, வெளிய போங்க" என்பார். நாயும் போகும்.

அவரிடம் வீடியோப் பெட்டியும் கொஞ்சம் கேசட்டும் இருந்தன. பனிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கேசட் வைத்த அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டிருப்பார். எல்லாம் அவர் ஊர்ப் பாட்டு நாடகங்கள். முதலில் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன். திரையில் அத்தனை ஆண்கள், அவர்களுக்கு எதிரே போய் உட்கார எனக்குக் கூச்சம். அந்தம்மா சிரித்தார். "அக்கா, பொம்பளைங்க. எல்லாம் பொம்பளைங்க." நான் நம்பவில்லை. படத்தை நிறுத்தி, மீசை வைத்தவரின் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். ஆண்களுக்குப் புடைத்திருக்குமே, அது அங்கே இல்லை. அந்த நாடகக் கம்பெனியில் ஆண்களே கிடையாதாம். அதற்குப் பிறகு பீன்ஸ் முறத்தோடு கீழே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அதில் ஒரு கதை இரண்டு கேசட்டில் இருந்தது. சண்டைக்குப் போன படைத்தலைவன் பல வருஷம் கழித்து வீடு திரும்புகிறான், மனைவி உள்ளே இருக்கிறாள். ஒரே பாட்டு, ஒரே சட்டை. ஆட்கள் மட்டும் வேறு. ஒன்றில் படைத்தலைவனாக வந்தவள் நெட்டை, இன்னொன்றில் வந்தவள் குட்டை. நெட்டை வந்ததும் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு நடு வீட்டில் நின்று பாடுவாள். குட்டை கதவைத் தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கிவிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியிலேயே நின்று பாடுவாள்.

அந்தம்மாவுக்கு நெட்டை என்றால் உயிர். எனக்குக் குட்டைதான்.

"குட்டைக்குத்தான் மனசு இருக்குதுங்க. இத்தன வருஷம் விட்டுட்டுப் போனது தப்புன்னு தெரிஞ்சு வெளிய நிக்கிறா" என்றேன்.

"இல்லீங்க. பாருங்க." நெட்டையின் கேசட்டைப் போட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். கையுறையைக் கழற்றும்போது அவள் விரல் நடுங்குகிறது. "பயமுங்க அக்கா. பயம் ஜாஸ்தி. அதான் சீக்கிரம் தொறக்கறாங்க."

அதைப் பார்த்த பிறகு எனக்குக் குழப்பமாகிவிட்டது. மறுபடி குட்டையைப் பார்த்தேன். அவள் நிற்கிற இடத்தில் விளக்கு நன்றாக விழுகிறது. தெரிந்தேதான் அங்கே போய் நிற்கிறாளோ என்று தோன்றியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு அந்த மழைக்காலம் முழுக்கப் பேசினோம். வியாபாரி வந்து கேட்டதை ஒருநாள் அவரிடம் சொல்லியிருந்தேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படைத்தலைவனைப் பற்றித்தான் பேசினோம்.

மார்கழியில் எனக்கு வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். வீட்டுக்குள் வராமல் எதிரே ஆரஞ்சு மரத்தடியில் நின்றார். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"தப்புப் பண்ணிட்டேன் புள்ள. இனி உசுரு இருக்கறவரைக்கும் உங்கூடத்தான்."

என் மனசு இளகியிருக்க வேண்டும். நானோ அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே வராமல் நிற்கிறார், சரி. ஆனால் முகம் குழாயடிப் பக்கம் அல்லவா திரும்பியிருக்கிறது? துண்டைப் பிடித்த கை நடுங்குகிறது. அது பயத்திலா, பனியிலா? பங்களாவில் என்றால் இன்னொரு கேசட்டைப் போட்டு இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு வாய்த்தது ஒரே ஆள், ஒரே தடவை. இதை வைத்து நான் எதைக் கண்டுபிடிப்பேன்?

"இன்னிக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க" என்றேன்.

துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். "எதுக்கு?"

"இன்னொருக்காப் பார்க்கோணுமுங்க."

குழாயடியில் ஒருத்தி, "ஏனக்கா, மாப்பிள்ளை பார்க்கறயா? எங்களுக்கும் சொல்லியிருந்தா காப்பித்தண்ணி வெச்சிருப்பமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் மஞ்சக்குட்டை என்ற ஊரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வராவிட்டால் இத்தோடு போகட்டும் என்றும் இருந்தது, வராவிட்டால் என்ன செய்வேன் என்றும் இருந்தது. மறுநாள் பங்களாவில் பாத்திரம் கழுவும்போது அந்தம்மா பக்கத்தில் வந்து நின்றார். "வந்தாங்களா?" என்றார். "வந்தாருங்க. இன்னிக்கு மறுபடி வாங்கன்னு சொல்லியிருக்கறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, கழுவிய தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் நான் பஸ் இறங்கி வந்தபோது என் வீட்டுக்காரர் மரத்தடியில் நின்றிருந்தார். குழாயில் தண்ணீர் நின்றுபோய் அங்கே யாரும் இல்லை. என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் புள்ள. இனி உசுரு..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். துண்டை மறுபடி தோளில் போட்டார். "நேத்துச் சொன்னதுதான். வேற என்னத்தச் சொல்றது? ஜீப்புல நின்னுக்கிட்டே வந்தேன், முழங்கால் நொம்ப வலிக்குது. சோறு இருக்குதா?"

காலையில் வடித்த சோறும் கொஞ்சம் ரசமும் இருந்தன. போட்டேன். தலை நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அதுவும் நடிப்பாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

கை கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்கும் வந்து நிக்கோணுமா?"

"வேண்டாமுங்க. ஊட்டுக்குள்ள படுங்க" என்று சொல்லிப் பாயை எடுத்துப் போட்டேன்.