மேசைமேல் நன்றாக ஓடிய மதர்போர்டு

யார் வீட்டுக்குப் போனாலும் அண்ணன் கம்ப்யூட்டர் இருக்கிற பக்கமாகத்தான் நகர்வார். வாய் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும். கை மட்டும் கேபினெட்டின் பின்னால் போய், வெளியே வருகிற காற்று எவ்வளவு சூடு என்று புறங்கையால் பார்த்துவிடும். துக்கம் கேட்கப் போன இடத்திலும் ஒருமுறை அப்படிச் செய்தார். அண்ணி அவர் முழங்கையைக் கிள்ளி, "போன இடத்துல கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றார். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இதைப் பார்க்கிறேன்.

அதற்கு முன் அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தார். முழங்கால் அடிபட்டு வேலை போனபிறகு, பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்தே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். வீட்டின் முன்னறைதான் கடை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்தார், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அம்மா போனபின் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். பிரஷ்ஷால் தூசி தட்டுவதும், திருகுகளை அளவு பார்த்துக் கிண்ணங்களில் போடுவதும் என் வேலை. ஆள் வந்தால் உள்ளே போய்விடுவேன். பேச்சு மட்டும் காதில் விழும் தூரத்தில் நிற்பேன்.

போன கோடையில் அடுத்த தெருவிலிருந்து ஒரு அக்கா வந்தார். கட்டப்போகும் வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று போட்டோ போலவே கம்ப்யூட்டரில் செய்துகொடுப்பவர். அண்ணி அவருக்கு வைத்த பெயர் 'படக்கார அக்கா'. அவருடைய அப்பா படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது.

"தம்பி, ஒரு கம்பெனியில பத்து நாள்ல நாப்பது படம் கேட்டிருக்காங்க. இன்னொருத்தருக்கும் இதே நாப்பதைக் கொடுத்திருக்காங்க. யாரு சொன்ன நாளுக்கு முடிக்கிறாங்களோ அவங்களுக்கு நிரந்தர வேலை. வீட்டிலேயே உக்காந்து செய்யலாம். என் மெஷின் ஓடுற ஓட்டத்துக்கு முப்பத்திரண்டுதான் வரும்."

"புதுசு வாங்கற எண்ணம் இருக்காக்கா?"

"எண்ணத்துக்கு என்ன, தாராளமா இருக்கு. கைதான் ஒத்துழைக்கல."

அவருடைய ப்ராசசர், அதைத் தயாரித்த கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலும் ஓட்டக்கூடிய வகை. அப்படி ஓட்டுவதைத்தான் ஓவர்கிளாக் என்பார்கள். பழைய மதர்போர்டு அதற்கு இடம்கொடுக்காது. அதை மட்டும் மாற்றினால் போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். வேலை தொடங்க இன்னும் ஆறு நாள் இருந்தது.

இரண்டு போர்டுகள் கிடைத்தன. ஒன்று அண்ணன் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் வகை. கனமானது, ப்ராசசர் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சூட்டை இழுக்கும் கெட்டியான அலுமினியக் கட்டிகள் இருக்கும். விலை அக்காவுக்கு எட்டாது. இன்னொன்று அதில் பாதி விலைகூட இல்லை. அட்டைப்பெட்டியில் ஓவர்கிளாக் செய்யலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் அலுமினியக் கட்டிகள் இல்லை. சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள் மூடாமல் தெரிந்தன.

இரண்டு நாள் அண்ணன் இதையே பேசினார். சாப்பிடும்போது அண்ணியிடம் விளக்கினார்: "அந்தச் சில்லுங்கதான் ப்ராசசருக்குக் கரண்டைப் பரிமாறுது. வேகமா ஓட்டினா அது நிறையத் தின்னும். பரிமாறற ஆளு மயங்கி விழுந்துட்டா எல்லாம் நின்னுபோகும்."

"என் கதையைச் சொல்றீங்கன்னு நினைச்சேன்" என்றார் அண்ணி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

கடைசியில் விலை குறைந்ததையே வாங்கினார். "நல்லா சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கொடுப்பேன்" என்றார். அவர் சோதிக்கிற முறை எப்போதும் ஒன்றுதான். கேபினெட்டுக்குள் பொருத்தமாட்டார். போர்டை அதன் அட்டைப்பெட்டிமேலேயே வைத்து, மேசையில் திறந்தபடி ஓட்டுவார். ஏதாவது கழற்ற வேண்டியிருந்தால் சுலபம். ப்ராசசரை முழுமூச்சாக வேலை வாங்கும் ஒரு சோதனையைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கினார். திரையில் வேகம் நாலரை கிகாஹெர்ட்ஸ் என்று நின்றது. அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, டேபிள் ஃபேனை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

மதியம் அவர் சாப்பிட உள்ளே போனார். துடைத்த தரை காயவில்லை என்று அண்ணி ஃபேனைக் கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். கால்மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தபோது திரையில் நாலரை இல்லை. இரண்டு என்று இருந்தது. ஃபேனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எண் மெல்ல ஏறி, பழையபடி நாலரைக்கு வந்தது.

அண்ணன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தியா? மலை மாதிரி நிக்குது" என்றார்.

நான் உள்ளே போய்விட்டேன். 'உனக்கு என்ன தெரியும்' என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. என்னை அப்படிக் கேட்டது நான்தான்.

எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் பூட்டி அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை. ஜன்னல் ஒன்றுதான். வேலை தொடங்கிய மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். பாதிப் படத்தில் மெஷின் தானாக அணைந்துவிடுகிறதாம். அன்று மட்டும் மூன்று முறை.

அண்ணன் போய்த் தூக்கிவந்து பிரித்து மேசையில் போட்டார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கொண்டுபோய் வைத்தார், அணைந்தது. மெமரியை மாற்றினார், பவர் சப்ளையை மாற்றினார். மறுபடி மேசைக்கு வந்தது, மறுபடி ஓடியது.

"பொறந்த வீட்டுக்கு வந்தா மட்டும் சமர்த்தா இருக்குது" என்றார் அண்ணி. ப்ராசசரின் சூட்டை மட்டும்தான் திரை காட்டியது; அது சரியாகவே இருந்தது. அந்தச் சில்லுகளின் சூட்டைக் காட்ட அந்தப் போர்டில் வசதி இல்லை.

ஆறாம் நாள் காலை அக்காவே வந்தார். அப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பதினோரு படம்தான் ஆகியிருக்கு தம்பி. பழைய போர்டையே மாட்டிக் கொடுத்திடுங்க. வர்றது வரட்டும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவோரத்திலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

"அண்ணா, ஃபேனை நிறுத்திப் பாருங்களேன்."

"என்னம்மா?"

"இங்க ஃபேன் ஓடுது. அவங்க வீட்டுல பெட்டிக்குள்ள மூடியிருக்கே."

என்னையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து சுவிட்சை அணைத்தார். பத்து நிமிடத்தில் நாலரை இரண்டானது. இருபது நிமிடத்தில் திரை கறுத்தது. போர்டைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சில்லுகளுக்குப் பின்னால் பலகை பழுப்பேறியிருந்தது.

"இனி இதுக்கு ஃபேன் வச்சாலும் நம்ப முடியாது" என்றார். பிறகு தன் கம்ப்யூட்டரைத் திறந்து, கனமான போர்டைக் கழற்றினார்.

"வேணாம் தம்பி, அது உங்களுது" என்றார் அக்கா.

"தப்பு என்னோடதுக்கா. பேசாம இருங்க."

நான் திருகுகளை எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அக்கா வீட்டில் பொருத்தினார். அதன்பின் ஒருமுறைகூட அணையவில்லை. ஆனால் போன நாள்கள் போனவைதான். பத்தாம் நாள் அக்கா அனுப்பியது இருபத்தெட்டுப் படம். மற்றவர் நாற்பதையும் கொடுத்துவிட்டார். பழைய போர்டையே விட்டுவைத்திருந்தால் முப்பத்திரண்டு படமாவது வந்திருக்கும்.

அண்ணன் வருகிற ஆளிடமெல்லாம் சொன்னார்: "எனக்குத் தெரியல, என் தங்கச்சி கண்டுபிடிச்சா." படக்கார அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் சொல்லலேன்னா பதினொண்ணோட நின்னிருக்கும் கண்ணு" என்றார். சோதனை நடந்த அந்த மதியமே எனக்கு வாய் வந்திருந்தால் போர்டு அவர் வீட்டுக்கே போயிருக்காது. கையை விடுவித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனேன்.

இப்போது அண்ணன் எந்தப் போர்டையும் கேபினெட்டுக்குள் பூட்டி, ஃபேன் இல்லாத பின்னறையில் ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறார். ஓவர்கிளாக் வேலை கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் இன்னும் போர்டு இல்லாமல் பரண்மேல் இருக்கிறது. படக்கார அக்காவுக்கு அந்தக் கம்பெனி நிரந்தர வேலை கொடுக்கவில்லை. வேலை அதிகமான மாதங்களில் மட்டும் நாலைந்து படம் அனுப்புகிறது. அந்த மதியம் திரையில் நான் இரண்டைப் பார்த்ததை அவர்கள் இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை.