வெனிஸின் பேசின் பிரிட்ஜ்

ஜஹீதா அக்கா ரயிலில் போன அதிகபட்ச தூரம் மாம்பலத்திலிருந்து தாம்பரம். ஆனால் ஐரோப்பாவில் எந்த ரயில் எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்.

பாண்டி பஜாரில் ஒரு மாடியில் இருந்த டிராவல் ஏஜென்சியில் அவருக்கு டைப் அடிக்கும் வேலை. மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு கை டிபன் டப்பாவில் இருக்கும். மறு கை தலையணை மாதிரி தடித்த ஐரோப்பிய ரயில் அட்டவணையைப் புரட்டும். வெளிநாட்டு டிக்கெட் மேஜையைத் தனக்குத் தரும்படி முதலாளி ராமானுஜத்திடம் எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1974இல் நான் ஊர் சுற்றக் கிளம்பி அங்கே டிக்கெட் எடுக்கப் போனபோது முதலாளி ஒருவழியாக இறங்கி வந்தார். "இந்தப் பொண்ணுக்கு நீயே வழி போட்டுக் குடும்மா. ஒழுங்கா வெனிஸ் போய்ச் சேர்ந்தாள்னா மேஜை உனக்கு."

அந்த மேஜையில் இருந்த கனகராஜ் சிரித்தார். "தாம்பரத்தத் தாண்டாத ஆளு வெனிசுக்கு வழி சொல்லப் போவுது. இன்னா கூத்துடா!"

"நீ சும்மா கெட நைனா." அக்கா என் பக்கம் திரும்பினார். "இத பாரு கண்ணு, மொதல்ல ஒரு ஸ்டேஷன் வரும். போர்டுல வெனிசியா மெஸ்த்ரேன்னு இருக்கும். எறங்கிடாதே. அது பேசின் பிரிட்ஜ், நம்ம சென்ட்ரலுக்கு முந்தின ஸ்டேஷன் மாதிரி. கடலத் தாண்டினாத்தான் சென்ட்ரல். இடது பக்கமா உக்காரு. வலது பக்கம் ரோடு மறைக்கும்."

எட்டு மாதம் கழித்து, மிலானிலிருந்து நான் வந்த ரயில் ஒரு சாயங்காலம் நின்றது. போர்டில் 'வெனிசியா' என்பதைப் பார்த்ததுமே மற்றது கண்ணில் படவில்லை. எதிர் சீட்டுக் குடும்பம் மூட்டை முடிச்சோடு இறங்க, நானும் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஒரு காலை வைத்துவிட்டேன். சுற்றிலும் புகைபோக்கிகள். சொட்டுத் தண்ணீர் இல்லை.

பேசின் பிரிட்ஜ்!

தாவி ஏறினேன். ரயில் கடல்மேல் ஊர்ந்தது. இடது பக்கம் தண்ணீர், தண்ணீர், தூரத்தில் மணிக்கூண்டுகள். நான் தனியாகச் சிரிப்பதை டிக்கெட் பரிசோதகர் ஒரு மாதிரி பார்த்தார்.

உடனே கடிதம் போடாதது என் தப்பு. ஊர் திரும்ப மேலும் ஏழு மாதம் ஆனது. ஏஜென்சிப் படியேறியதும் கனகராஜ் கத்தினார். "அட, உயிரோடதான் கீது! பொண்ணத் தொலச்சிட்டீங்கன்னு இந்தம்மாவ டெய்லி ஓட்டிக்கினு இருந்தேனே!"

அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். "எங்க எறங்கினே?"

"சென்ட்ரல்லதான் அக்கா. ஒரு கால் மட்டும் பேசின் பிரிட்ஜ்ல."

"வலது பக்கம்?"

"ரோடேதான். கார் வரிசையாப் போச்சு."

ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள், அக்கா டிபன் டப்பாவோடும் அட்டவணையோடும் ஜன்னலோர மேஜைக்குப் போய் நின்றுவிட்டார்.

"எழுந்திரு கனகராஜ். டைப்ரைட்டர்ல 'க' கொஞ்சம் ஒட்டிக்கும். ஓங்கி அடி."