மிளகாய் அரைத்த கை

அம்மனை நம்பும் உங்கள் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மனிதனைக் கத்தியால் வெட்டியவன். அப்படிப்பட்டவனுக்கும் அவள் பதில் சொன்னாள்.

பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன இரண்டாவது வருடம், தை மாதம். குன்னூரை அடுத்த ஜெகதளா பக்கம் நான் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் சட்டியை உடைப்பேன், சுவரைக் குத்துவேன். பிள்ளை இல்லாத வீட்டில் நான் அடங்கிப்போவது ராசா, ராணி என்ற இரண்டு வாத்துகளிடம் மட்டும்தான். இரண்டுக்கும் பத்து வயது. கிழடுகளுக்குக் குளிர் தாங்காதே என்று, ஃபேக்டரி பரணில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்து நானே கூடு செய்தேன். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் பளபளவென்று இருந்தது.

சில வாரங்களில் ராணி ஒதுங்கி உட்கார ஆரம்பித்தாள். இறகைக் கோதவில்லை. இறக்கை தொங்கியது, எச்சம் கரும்பச்சையாகப் போனது, நடந்தால் கால் மடங்கியது.

"ஏனுங்க, எனக்கு இது சரியாப் படலீங்க. டாக்டருகிட்டக் காட்டலாமுங்க" என்றாள் மனைவி செல்வி. "வயசானா அப்படித்தான்" என்று எரிந்து விழுந்தேன். ஒரு காலையில் ராணி விறைத்துக் கிடந்தாள். ராசாவும் தள்ளாடினான்.

பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி தேயிலையைப் பிடுங்கிவிட்டு முட்டைக்கோஸ் போட்டிருந்தான். வாத்துகள் நாற்றை மிதித்ததற்கு, "வெசம் வெச்சுப்போடுவேன்" என்று முந்தின வாரம்தான் கத்தியிருந்தான். எனக்கு அது போதும்.

ஆனைமலைப் பக்கம் எங்கள் சனங்கள் செய்வதுபோல, எங்கள் ஊர் அம்மன் முன்னால் மிளகாய் அரைத்து அவள் சன்னிதிக் கல்லில் பூசினேன். கெடுதல் செய்தவனுக்கு அந்த எரிச்சல் போய்ச் சேரும். நியாயம் கிடைத்த பிறகு எண்ணெய்க் காப்பு செய்து அவளைக் குளிர்விக்க வேண்டும். "தாயே, விஷம் கொடுத்த கை எரியட்டும். என் ராசாவைக் காப்பாற்று" என்று அலறினேன்.

அவள் நியாயம் செய்யும்வரை எனக்குப் பொறுமை இல்லை. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு போனேன். பழனிச்சாமி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். முடியைப் பிடித்துத் தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து முஷ்டியால் முகத்தில் குத்தினேன். ஒரு பல் தெறித்தது. அவன் என் காதைக் கடித்தான். கத்தியைக் கழுத்துக்குத்தான் ஓங்கினேன், மறைக்க மாட்டேன். அவன் கையைக் குறுக்கே கொடுத்தான். முன்கை பிளந்து ரத்தம் என் முகத்தில் அடித்தது. மறுபடி ஓங்கினேன். மிளகாய் அரைத்த கை தீயாய் எரிந்தது. பிடி நழுவிக் கத்தி விழுந்தது.

அப்போது செல்வி ராசாவை நெஞ்சோடு அணைத்தபடி கதறிக்கொண்டு ஓடிவந்தாள். அவன் கழுத்து துவண்டு தொங்கியது. ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்த பழனிச்சாமி தன் வண்டிச் சாவியை என் மேல் எறிந்தான்.

"கிறுக்கா, மொதல்ல அந்த வாத்தக் காப்பாத்துடா. அப்புறமா என்னைய வந்து வெட்டு."

குன்னூரில் அவனுக்குத் தையல் போட்டார்கள். வேலிக் கம்பி கிழித்தது என்று சொன்னான். கால்நடை மருத்துவமனையில், சாக்கில் கொண்டுபோன ராணியை டாக்டரம்மா அறுத்துப் பார்த்தார். இரைப்பையில் பளபளக்கும் துணுக்குகள்.

"இது ஈயம். வாத்து மினுக்குறதைப் பார்த்தா கொத்தாம விடாது. கூடு எதுல செஞ்சீங்க?"

"தேயிலைப் பெட்டியில, உள்ள ஈயத்தாள்" என்றேன். விஷம் கொடுத்தது என் கை. அந்தக் கை அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

பல நாள் ஊசி போட்டு ராசா பிழைத்தான். பெட்டிகளை அன்றே அப்புறப்படுத்தினேன். பழனிச்சாமி பக்கத்தில் நிற்க, அம்மனுக்கு எண்ணெய்க் காப்பு செய்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு யார் மேலும் கை ஓங்கியதில்லை. தினமும் காலையில் ராசாவின் எச்சத்தையும் இறக்கையையும் காலையும் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன்.

உங்கள் வீட்டு வாத்து ஒதுங்கி உட்கார்ந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு எரிந்தால் அவளிடம் போய் நியாயம் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பாள். கத்தியை மட்டும் கீழே வைத்துவிட்டுப் போங்கள். யார் குற்றவாளி என்று அவளுக்குத் தெரியும்.