ஐந்து நிமிடம் பேசினால்தான் போன்

1. விதி வந்த கதை

போன் விற்பது சுலபம், விற்க மாட்டேன் என்று சொல்வதுதான் கஷ்டம். காந்திபுரத்தில் ஒரு செல்போன் ஷோரூமில் நான் கவுன்டர் இன்சார்ஜ். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

முன்பெல்லாம் ஆஃபர் போட்டால் போதும், புரோக்கர் யாராவது காலேஜ் பையன்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொன்று வாங்கவைத்து, சீல் பிரிக்காத பெட்டிகளை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார். உள்ளூர்க்காரருக்கு ஸ்டாக் இருக்காது. கம்பெனி பார்த்தது. ஆளுக்கு ஒரு போன்தான் என்றது. பெட்டியைக் கடையிலேயே பிரிக்க வேண்டும். வாங்குபவர் தன் சிம்மைப் போட்டு, விடாமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இங்கே பேசாமல் வெளிநாடு போகும் போன் அந்த ஊர் சிம்மை ஏற்காது. ரீஜன் லாக் என்போம்.

மீறினால் கடைக்கு ஸ்டாக் வராது. முதலாளி தினமும் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தியதும் சொல்வார்: "மேடம், சொந்த மச்சானே வந்தாலும் பெட்டியப் பிரிச்சுப்போட்டுத்தானுங்க குடுக்கோணும்." அவருடைய மச்சானே ஒருநாள் வந்தார். பிரித்துத்தான் கொடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

2. கொடுமுடிக்காரர்

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்தார். வயதானவர். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் விவசாயம்.

"ஏனுங்க அம்மணி, நல்ல போனா ஒண்ணு வேணுங்க. பெட்டியப் பிரிக்காமக் குடுக்கோணும்."

பிரிக்காமல் என்றதுமே எனக்குச் சந்தேகம். "யாருக்குங்க?" என்றேன்.

"துபாயில இருக்கற என்ற பையனுக்குங்க. சிநேகிதன் போனுல கூப்பட்டு, என்ற போனு ஒடஞ்சுபோச்சுங்கப்பான்னு சொன்னான். அப்பறம் பேச்சே இல்லீங்க. அவனாக் கூப்பட்டாத்தான் உண்டு, என்ற போனுல வெளிநாட்டுக்குப் போகாது. பக்கத்துத் தோட்டத்துப் பையன் நாளைக்குப் பிளேன் ஏறறான். அவங்கிட்டக் குடுத்தனுப்பலாம்னு வந்தனுங்க."

அதற்கு முன் ஏறிய கடைகளிலெல்லாம் அவரைப் புரோக்கரின் ஆள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"இங்கயும் பிரிக்காமத் தர முடியாதுங்க ஐயா."

"பிரிச்சாப் பழசுன்னு நெனச்சுக்குவானுங்க அம்மணி."

ரீஜன் லாக்கை விளக்கினேன். பேசாமல் அனுப்பினால் அங்கே அது முகம் பார்க்கத்தான் உதவும் என்றேன். அதைக் கேட்டதும் பிரிக்கச் சம்மதித்தார். அவருடைய பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டு, "யாருக்காச்சும் அடிச்சு அஞ்சு நிமிஷம் பேசுங்க" என்று கையில் கொடுத்தேன்.

அங்கேதான் சிக்கியது. தங்கைக்குப் போட்டார். "அடுப்புல பாலு இருக்குதுங்ண்ணா, அப்பறம் கூப்படறேன்" என்று அந்தம்மாள் வைத்துவிட்டார். பங்காளி ஒருவருக்குப் போட்டார். அவர் "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். சொல்ல இவரிடம் ஒன்றும் இல்லை. அதுவும் நின்றது. அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு நிமிஷம் பேசற அளவுக்கு ஆளில்லீங்க அம்மணி" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

என் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இரண்டு பேர் காதிலும் போன். கடைப் பிள்ளைகள் சிரித்தார்கள். எதிரெதிரே பார்த்துக்கொண்டு பேசக் கூச்சமாக இருந்ததால் அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாப்ட்டீங்களா அம்மணி?" என்றார்.

என்னை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் தவறிப்போனபின் சிங்காநல்லூர் வீட்டில் நான் ஒருத்திதான். நாளெல்லாம் ஊருக்குப் போன் விற்பேன். என் போனுக்கு வருவது லோன் வேண்டுமா என்ற அழைப்பு மட்டும். தயிர்சாதம் என்றேன். தொட்டுக்க என்ன என்று கேட்டார். மகனுக்குக் கத்திரிக்காய் ஆகாது, அங்கே என்ன தின்கிறானோ என்றார். ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்கச் சலிப்பாக இருப்பதை நான் சொன்னேன். அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஐந்து நிமிடம் தாண்டியும் இருவரும் வைக்கவில்லை. பில் போடும் பெண் வந்து என் தோளைத் தொட்டாள்.

சிம்மைக் கழற்றி, போனை ரீசெட் செய்து, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். பழசு என்று மகன் நினைத்துவிடக் கூடாது அல்லவா.

3. கம்ப்ளைன்ட்

கொஞ்ச காலம் கழித்து அவர் மறுபடி வந்தார்.

"போனு போய்ச் சேந்துருச்சுங்க. கொண்டுபோன பையன் அவங்கையிலயே குடுத்துட்டானாமா. ஆனா இன்னும் ஒரு பேச்சுக்கூடக் கூப்படலீங்க. நாம பேசுன அந்த அஞ்சு நிமிஷம் பத்தலீங்களோ? லாக்கு விடலீங்களோ?"

மகனின் நம்பரை வாங்கி என் வாட்ஸப்பில் பார்த்தேன். புரொஃபைல் படத்தில் ஒரு பையன் லிஃப்ட் கண்ணாடி முன் நின்று தன்னையே படம் எடுத்திருந்தான். கையில் நான் விற்ற அதே நீலப் போன். நம்பருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டியது.

நான் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.

"பீஸ்ல குறை இல்லீங்க, நீங்க யூஸ் பண்ணினதுலதான்" என்று கஸ்டமர்களோடு மல்லுக்கட்டியே என் சர்வீஸ் போயிருக்கிறது. கம்பெனி பேரைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம். நல்ல பீஸைக் கெட்ட பீஸ் என்று நான் சொன்னது அன்று மட்டும்தான்.

"லாக்குத்தானுங்க ஐயா. குறை நம்ம பக்கந்தான். அங்கயே குடுத்துச் சரி பண்ணோணும். நாளாகுமுங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அதானே பாத்தனுங்க! அப்ப என்ற பையன் மேல தப்பில்லீங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரனுங்க என்று கிளம்பிவிட்டார்.

பிள்ளைகளுக்கு இப்போது இன்னொன்றும் சொல்கிறேன். விதியை விடாதீர்கள், பெட்டியைப் பிரித்தே கொடுங்கள். ஆனால் போன் நல்லா இருக்குதா என்று ஒருவர் வந்து கேட்டால், அவர் போனைப் பற்றித்தான் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். நான் சொன்னது பொய்தான், வருத்தமில்லை. அவருக்கு இன்னும் ஓர் அழைப்பு வர வேண்டியிருக்கிறது. எனக்கு அப்படி வர வேண்டியது எதுவும் இல்லை.