அடுப்பு கடன் கொடுத்த ட்யூனர்

அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். 'அடுப்பு' என்று சொல்லிப் பாருங்கள், "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்தானே, கிடார் வாசிப்பானே" என்று உடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள். நகரத்துப் பாட்டுக்குழுக்காரர்கள் வைத்த பெயர் அது. எவன் மேடையேறிக் கைதட்டல் வாங்கினாலும் இவனுக்கு வயிறு பற்றிக்கொள்ளும். அதை மறைக்கவும் தெரியாது.

"புதுசா ஒரு குழு வந்திருக்கே, எப்படி?" என்று யாராவது கேட்டால், கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலி வாங்க வந்தவர் நாற்காலியைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வான்: "நல்லாத்தான் வாசிக்கிறாங்க. பாட்ட மட்டும் விட்டுட்டா இன்னும் நல்லா இருக்கும்."

பகல் முழுக்க அவன் இருப்பது லிஃப்ட் ஓடும் குழிக்குள். கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து இரும்புக் கயிறுகளுக்கு எண்ணெய் விடுவான். கதவு மூடாமல் அடம்பிடித்தால் அதன் சக்கரங்களைக் கழற்றித் துடைப்பான். குழிக்குள் முனகினால்கூட ஊரே முனகுவதுபோல் கேட்கும். தன் பாட்டுகளை எல்லாம் அவன் அங்கே உட்கார்ந்துதான் கட்டினான். அந்தந்தக் கட்டடத்து மேல்மாடிக்காரர்களுக்கு அவை மனப்பாடம். யாரும் கேட்டு வாங்கிக்கொண்டதல்ல.

குழுவின் பெயர் ஓட்டை வாளி. பங்க் குழு. வேகம் அதிகம், மெட்டு கொஞ்சம், பஸ்காரர் முதல் மேனேஜர் வரை எல்லார்மேலும் கோபம். டிரம்ஸ் அவனுடைய தாய்மாமா. லாண்டரிக் கடை வைத்திருக்கிறார். சட்டைக்குப் பெட்டி போடுகிற அதே பொறுமையோடு டிரம்ஸை நொறுக்குவார். பேஸ் கிடாருக்கு மட்டும் ஆள் நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் அடுப்பின் பாராட்டைத் தாங்க முடியாமல் போய்விட்டார்கள்.

பாடியது அவன் தங்கச்சி.

அவளுக்குக் கண் மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுகிற வேலை. அவள் "நாப்பத்தி மூணு, உள்ள வாங்க" என்றால் நாற்பத்து நாலும் சேர்ந்து எழுந்து நிற்பார். அப்படிக் குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அண்ணன் எழுதிக் கொடுத்ததை எல்லாம் வருஷக்கணக்காகக் கத்தினாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் கொஞ்சம் பாடணும்ண்ணா. கத்திக் கத்தி அலுத்துப் போச்சு."

"எங்க பாடப் போற?"

"கத்திரி குழுவுல."

அடுப்பு பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். கத்திரி முடிதிருத்தும் கடைக்காரன். அவன் பாப் குழுவுக்குப் பெயர் 'நாளைக்கு லீவு'. பெயரைப் போலவே பாட்டும், கேட்டால் காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருக்கும். கடையில் வாடிக்கையாளரிடம் "சார், தலைய லேசா அந்தப் பக்கம்… அருமை" என்று குழைவான். மேடையிலும் அதே குழைவுதான்: "மக்களே, கைய லேசா மேல தூக்கி… அருமை." கூட்டமும் தூக்கும். அதுதான் அடுப்புக்கு ஆறவில்லை. இத்தனை வருஷத்தில் ஓட்டை வாளிக்காக யாரும் கையைத் தூக்கியதில்லை, காதைப் பொத்துவதற்குத் தவிர.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் சித்திரவதை. அவள் குளியலறையில் பாடிப் பழகுவாள். அடுப்பு வெளியே செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். புதுப் பாட்டு ஒன்றில் குரல் மேலே ஏறி ஓர் உச்சியில் நிற்க வேண்டும். அங்கே போனதும் அவள் குரல் ஒடுங்கி, பாதி மூடிய லிஃப்ட் கதவுக்குள் உடம்பை நுழைப்பதுபோல் பிதுங்கும். ஒவ்வொரு தடவை பிதுங்கும்போதும் அடுப்பின் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

அம்மா அதைக் கவனித்துவிட்டாள். "கூடப் பொறந்தவ கஷ்டப்படறா, இவனுக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி முகம் மலருது."

"நான் செய்தி படிக்கிறேம்மா."

"தலைகீழாவா?"

தங்கச்சி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. "இங்க பாருண்ணா. ஞாயித்துக்கிழமை டயர் கிடங்குல அந்தப் பாட்ட பாடறேன். உச்சியில குரல் கிழிஞ்சுதுன்னா அத்தோட விட்டுடறேன். உன் வாளிக்கே வந்து கத்தறேன். போதுமா?"

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"உன் மூஞ்சி கேக்குதே."

டயர் கிடங்கு என்பது டயர் கிடங்கேதான். ஞாயிறு மத்தியானம் வியாபாரம் இல்லாததால் அதன் முதலாளி குழுக்காரர்களுக்கு விட்டுக்கொடுப்பார். நாலு பக்கமும் கூரைவரை டயர் அடுக்கியிருக்கும். எவ்வளவு கத்தினாலும் ரப்பர் விழுங்கிக்கொள்ளும், தெருவுக்குப் போகாது. கேட்க வருகிறவர்கள் டயரிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். வீட்டுக்குப் போனால் சட்டையில் ஒரு வாரம் லாரி வாசம் அடிக்கும்.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேடையில் ஒரே டிரம்ஸ்தான், மாமாவுடையது. எல்லாக் குழுவும் அதில்தான் வாசிக்க வேண்டும். அதேபோல வயர், மைக், தந்தி என்று யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. மோசமாக வாசித்தவனை மறந்துவிடுவார்கள். கேட்டதைக் கொடுக்காதவனை மறக்க மாட்டார்கள்.

அன்று முதலில் ஓட்டை வாளி. அடுப்பே பாடினான். முடித்ததும் டயர் முதலாளி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குகிறவர், மைக்கைப் பிடித்து, "இப்ப… வாசிச்சது… ஓட்டை வாளி. அடுத்து… நல்ல… பாட்டு" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

அடுப்பு வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது கத்திரி ஓடி வந்தான்.

"அண்ணே, என் ட்யூனர் செத்துப்போச்சுண்ணே. காலையிலதான் தந்தி எல்லாம் புதுசா மாத்தினேன், எதுவும் நிக்க மாட்டேங்குது. உங்க பொட்டிய ஒரு தரம் குடுங்கண்ணே."

ட்யூனர் என்பது காலடியில் வைக்கிற சின்ன இரும்புப் பெட்டி. கிடார் வயரைச் செருகி ஒவ்வொரு தந்தியாக மீட்ட வேண்டும். சுருதி சேர்ந்ததும் பச்சை விளக்கு எரியும். ஆனால் அடுப்பின் பெட்டி பச்சை காட்டுகிற இடம் ஊர் உலகத்துச் சுருதி அல்ல. அதற்கு அரைக் கட்டை கீழே. சில வருஷத்துக்கு முன்னால், கத்திக் கத்தித் தங்கச்சிக்குத் தொண்டை கட்டிப்போய், மருத்துவமனையில் டோக்கன் எண்ணை விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவன் பெட்டியை அப்படி இறக்கி வைத்தான். சொன்னால் "என் தொண்டைக்கு என்ன?" என்று சண்டைக்கு வருவாள். அதனால் சொல்லவில்லை. பாட்டுகள் அவளுக்குச் சற்று எளிதாயின, அவ்வளவுதான். மாமாவுக்கு மட்டும் தெரியும்.

இப்போது ஒரு வார்த்தை போதும். 'கத்திரி, இது அரைக் கட்டை கம்மி, பாத்துக்கோ.' சொல்லத்தான் வாயைத் திறந்தான். மேடைக்குப் பக்கத்தில் தங்கச்சி நின்றிருந்தாள். 'நாளைக்கு லீவு' ஆட்கள் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டை வாளியில் இருந்தபோது மேடையேறுமுன் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"எடுத்துக்கோ" என்றான்.

கத்திரி காதைவிடக் கண்ணை நம்புகிறவன். மாமா டிரம்ஸைத் தட்டித் தட்டி இறுக்கிக்கொண்டிருந்த சத்தத்தில் காது இருந்தும் பயனில்லை. பச்சை விளக்கைப் பார்த்தான், திருகினான், முடித்தான். அவனுடைய பேஸ்காரனும் அதே பெட்டியில் செருகி அதே பச்சையைப் பார்த்தான். மிச்சம் இருந்தது கீபோர்டு. அதை வாசிப்பவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கீபோர்டுக்கு ட்யூனர் எதற்கு? அது பிறந்தபோதே சரியான சுருதியில் பிறந்தது.

அடுப்பு பின்னால் போய் லாரி டயர் ஒன்றில் சாய்ந்துகொண்டான். அவனுக்கு வயிற்றுக்குள் சில்லென்று இருந்தது.

அந்தப் புதுப் பாட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். ஆரம்பத்தில் கிடாரும் பேஸும் டிரம்ஸும் அவள் குரலும் மட்டும். எல்லாம் ஒரே அளவு இறங்கியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, அழகாகவே போனது. இரண்டாவது அடியில் டீச்சர் இரண்டு கையையும் கீபோர்டில் வைத்தார். ஒரே சந்துக்குள் எதிரெதிராக இரண்டு பஸ் நுழைந்த மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையில் ஒருவர் பல் கூசி முகம் சுளித்தார்.

இனித்ததா என்றால், இனித்தது. தங்கச்சியின் குரல் தடுமாறும்வரை இனித்தது. அவள் கத்திரியைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் எங்கே என்று தேடி அடுப்பைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக மேடையில் எது தப்பாகப் போனாலும் அவள் பார்க்கிற ஆள் அவன்தானே. அவன் குனிந்து செருப்புக் கயிற்றைச் சரி செய்தான். செருப்பில் கயிறே இல்லை.

டீச்சர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. கையை எடுத்தார், தலையைச் சாய்த்துக் கிடாரைக் கேட்டார், தப்பான விடைத்தாளைத் திருத்துகிற முகத்தோடு கீபோர்டின் ஓரத்தில் ஒரு பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். கீபோர்டும் அரைக் கட்டை இறங்கி வந்து மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டது. பல் கூசியவர் அதை ஏதோ புதுப் பாணி என்று நினைத்துத் தலையாட்டினார்.

பிறகு அந்த உச்சி வந்தது.

அடுப்பு மூச்சைப் பிடித்தான். குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அந்த இடத்தை அவன் எத்தனை தடவை கேட்டிருக்கிறான். இதோ ஒடுங்கும், இதோ பிதுங்கும் என்று பற்களைக் கடித்தான். அவள் ஏறினாள், போய் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கதவு முழுசாகத் திறந்திருந்தது. அரைக் கட்டை வித்தியாசம்தான். அவள் தொண்டைக்கு அது எவ்வளவு பெரிய இடம் என்று அடுப்புக்குத் தெரிந்த அளவு அங்கே வேறு யாருக்கும் தெரியாது. கத்திரி "மக்களே, கைய லேசா" என்று ஆரம்பிப்பதற்குள் எல்லாக் கையும் மேலே போய்விட்டது.

பாட்டெல்லாம் முடிந்ததும் டீச்சர் எல்லாரையும் மேடைக்குப் பின்னால் நிறுத்தினார். "யார் இந்த வேலைய செஞ்சது? சொல்லாம ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது."

கத்திரி பெட்டியை நீட்டினான். "நான் பச்சையத்தான் டீச்சர் பாத்தேன். இது அண்ணனோடது."

எல்லாரும் அடுப்பைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்தது. அப்போதுதான் உலகத்திலேயே நல்ல மனிதரான மாமா, டிரம்ஸ் ஆணியைக் கழற்றிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"அட, அது பாப்பாவோட தொண்டைக்காக மாப்ள இறக்கி வச்ச சுருதியாச்சே. தொண்டை கட்டி விரல காமிச்சிட்டு நின்னாளே, அன்னியிலேருந்து அப்படித்தான் இருக்கு. இன்னிக்கும் அவளுக்கு உதவட்டும்னு குடுத்தியாடா? பாத்தீங்களா, வெளியிலதான் அடுப்பு."

"அண்ணே!" என்று கத்திரி அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் சட்டையில் ஷாம்பு வாசம். "எங்க பாட்டையே நீங்கதாண்ணே தூக்கி விட்டுட்டீங்க." டயர் முதலாளி மூச்சு வாங்கி, "பெரிய… மனசு" என்றார். இதுவரை மேடையில் வாங்காத பாராட்டு எல்லாம் அன்று அவன்மேல் கொட்டியது. கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி நெளிந்தான்.

தங்கச்சி கத்திரியிடமிருந்து பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எல்லாரும் நகர்ந்த பிறகு பக்கத்தில் வந்தாள்.

"தொண்டைக்காக இறக்கினது நிஜமா?"

"ம்."

"இன்னிக்கு எனக்கு உதவறதுக்காகக் குடுத்தது நிஜமா?"

அவன் டயரைப் பார்த்தான்.

"நான் உன்னத் தேடினப்ப குனிஞ்சியே, அப்பவே தெரியும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டோக்கன் எண் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். "சரி. இது என்கிட்டயே இருக்கட்டும்."

"அது என்னோடது."

"என் தொண்டையோட அளவு. உன்னோடது எப்படி ஆகும்? அந்த உச்சி நின்னுடுச்சு, பேசின பேச்சு பேச்சு. நான் வாளிக்கு வரமாட்டேன்." பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "சாப்பிட வீட்டுக்கு வந்துடு. அம்மா கேட்டா, நீ நல்லவன்னே சொல்றேன்" என்றாள்.

மறுநாள் அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அடுப்பு கூண்டின் மேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். வயிறு நேற்றைவிட அதிகமாகவே எரிந்தது. கத்திரி திட்டியிருந்தால் பரவாயில்லை, கட்டிப்பிடித்துவிட்டானே. யோசித்துக்கொண்டே இருந்ததில் வாய் தன்பாட்டுக்கு ஏதோ முனகியது. அது கத்திரியின் பாட்டு என்று தெரிந்ததும் நிறுத்தினான். நிறுத்தியது கொஞ்ச நேரம்தான் நின்றது. சரியாக அரைக் கட்டை கீழே, அந்த உச்சிவரை போய் வந்தான்.

கீழே காவல்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "தம்பி, வழக்கமா கத்துவீங்களே, இது நல்லா இருக்கே. யாரு பாட்டு?"

அடுப்பு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். கத்திரியின் பெயர் நாக்குவரை வந்து திரும்பிப் போனது.

"பாடறது என் தங்கச்சி" என்றான். "சுருதி என்னோடது."

"அப்படியா" என்றார் காவல்காரர். "லிஃப்ட் எப்ப ஓடும்?"