அம்மா வெட்டிய செவ்வந்தி

அம்மா தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை செய்தாள். வெட்டிய பூவை வாடாமல் சாடியில் வைப்பது என் வேலை. ஒருநாள் காலை, வெள்ளைச் செவ்வந்தியை வெட்டிக் கூடையில் போட்டவள் அப்படியே பாத்தியோரம் சாய்ந்துவிட்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பூக்கூடையை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார் துரைசானி. அன்று அவருக்கு அவ்வளவுதான் செய்யத் தோன்றியது.

தம்பி, விசா முடிந்து இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. தந்தி கிடைத்து, பெர்மிட் வாங்கி, கப்பல் ஏறி, அட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்க அவனுக்குப் பத்து நாளாவது ஆகும். அம்மா முகத்தைத்தான் காட்ட முடியாது, அவள் கடைசியாக வெட்டிய பூவையாவது காட்டலாம் என்று நினைத்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அந்தப் பூவைத்தான் அம்மா மேல் போடக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

"எழவு விழுந்த வீட்டுல பூவத் தண்ணியில போட்டு வச்சிருக்கியே, ஒனக்கென்ன கிறுக்கா? பெத்தவளுக்குப் போடாத பூவு வேற யாருக்குடி?" என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தை.

"தம்பி பாக்கணும், அத்தை."

வேலியோரத்துப் பூவைப் பறித்துப் போட்டு அம்மாவை அடக்கம் செய்தோம்.

பங்களாவில் செய்வதையெல்லாம் செய்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கரண்டி சீனி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, பொடித்த ஆஸ்பிரின் ஒன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றி, காம்பின் அடியைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறாது. முதல் தடவை வெட்டும்போதுதான் உறைத்தது, அம்மாவின் கத்தி பட்ட இடமே அதுதான் என்று. வெட்டாமல் விட்டால் பூ போய்விடும். அழுதுகொண்டே வெட்டினேன். அந்தத் துண்டுகளை எடுத்து வைக்கக்கூடப் புத்தி வரவில்லை, குப்பையோடு அடுப்புக்குள் போயின.

பத்து நாள் போயிற்று. பன்னிரண்டும் போயிற்று. காம்பு குறுகிக் குறுகி, பூவைப் போத்தலிலிருந்து டம்ளருக்கு மாற்றினேன். ரயில் வரும் நேரமெல்லாம் வாசலில் நின்று ரோட்டையே பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் அவன் கடிதம் வந்தது.

"அதான் அடக்கம் பண்ணியாச்சே, இனி அங்க போயி என்னத்தப் பாக்கப் போறேன்னு ஆபீஸ்ல கேட்டாங்கக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. பெர்மிட் இல்லைன்னுட்டாங்க."

பார்க்க ஒன்று இருக்கிறது என்று நான் தந்தியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், செவ்வந்தி பார்க்க எந்த ஆபீஸ்காரன் பெர்மிட் கொடுப்பான்? என் கெட்டித்தனத்தில் மண் விழ. பெற்றவளுக்கும் போடவில்லை, பிள்ளைக்கும் காட்டவில்லை.

பூ அன்றைக்கும் வாடியிருக்கவில்லை. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரை மாற்றி வைத்தேன்.